கைக்கு வந்த உத்தரவு

அத்தியாயம் 7

அந்தப் பெண் குரல் மொத்தமே ஒரு வார்த்தைதான் பேசியது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மருந்துக் கம்பெனி, பெர்லினை இரண்டாவது தடவையாக வேலையை விட்டுத் துரத்தப் பார்த்தது.

"இன்னொரு தடவை போடு," என்றாள் டோரிஸ்.

"ஏற்கெனவே தேஞ்சு போச்சு மேடம்," என்று சொல்லிக்கொண்டே உமேஷ் போனை மேஜை மேல் வைத்து அழுத்தினான்.

முதலில் ஓர் ஆண் குரல். சுத்தமான தமிழ்நாட்டுத் தமிழ். "வணக்கம்மா. பெர்லின் மேடம்தானே? மிருதுளா ரெமடீஸ் ஹெச்.ஆர்.லேருந்து பேசறேன். உங்களைத் திரும்ப வேலைக்குச் சேத்துக்கற ஆர்டர் அனுப்பியிருக்கோம். வந்துச்சாம்மா?"

அவர் பேச ஆரம்பித்ததுமே பின்னால் ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியிருந்தது. அந்த ஊளைக்கு நடுவே ஒரு பெண் குரல் சொன்னது: "கைக்கு..."

"சரிம்மா, சந்தோஷம்." போன் வைக்கப்பட்டது.

அவ்வளவுதான். கம்பெனி இந்த ஒலிப்பதிவை பெர்லினின் வக்கீல் சுபாஸ்ரீயின் கையில் கொடுக்கவே மூன்று வாய்தா இழுத்தது. அவர் அன்று காலைதான் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். மறுநாள் கோர்ட்டில் விசாரணை.

சைனிக்புரியில் டோரிஸின் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கட்டிய வீடு அது. கார் ஷெட்டைத் தடுத்து ஆபீஸ் ஆக்கியிருந்தாள். அமைதியான காலனி. இங்கே காணாமல் போவது நாய்க்குட்டிகள் மட்டும்தான் என்பதால், பிழைப்புக்கு அவள் ஊர் முழுக்க அலைய வேண்டியிருந்தது. பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்தவள். வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. பொய் எது, தப்பு எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

உதவியாளன் உமேஷ் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன். தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்தவர். பேரன் தமிழ், தெலுங்கு, உள்ளூர் உருதுவான தக்கனி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவான். மூன்றிலும் வாய் அதிகம்.

பெர்லினின் விஷயம் இதுதான். மல்லாபூரில் இருக்கும் மிருதுளா ரெமடீஸில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பிள்ளை உண்டானது தெரிந்ததும் "வேலையில் திருப்தி இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தின மாதம்தான் அதே வேலைக்காக அவளை மேடையேற்றிக் கைதட்டியிருந்தார்கள். கர்ப்பிணி என்பதற்காகக் காட்டிய பாரபட்சம் இது, அவளைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும், நின்ற காலத்துக்கு முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று லேபர் கோர்ட் சொன்னது. அப்போது வயிற்றில் இருந்த பெண் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள். தீர்ப்பு வாங்குவது பாதிக் கிணறு என்றால், அதைக் கம்பெனியிடமிருந்து வசூலிப்பது மீதிக் கிணறு. கம்பெனி சொன்னது இது: "கூப்பிட்டோம். ஆர்டர் கைக்கு வந்தது என்று போனில் அவரே சொன்னார். குறித்த திங்கட்கிழமை வரவில்லை. வேலை வேண்டாதவருக்குச் சம்பளம் எதற்கு?"

பெர்லினுக்கோ ஆர்டரும் வரவில்லை, போனும் வரவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் இதே ஷெட்டில் உட்கார்ந்து அவள் அழாமல்தான் பேசினாள். கல்யாணமாகி நாசரேத்திலிருந்து வந்தவள். "நான் என்னத்துக்கு மேடம் வேண்டாங்கப் போறேன்? அந்த மேசையில திரும்பிப் போயி உக்காரணும்னுதான இத்தன காலம் கோர்ட்டுக்கு நடந்தேன்," என்றாள். கூட வந்திருந்த நாத்தனார் ஆனி ஒன்றும் பேசவில்லை. கண்ணெல்லாம் தரையில். டோரிஸின் விலாசத்தை விசாரித்துக் கண்டுபிடித்ததும் அவள்தான், அட்வான்ஸ் கொடுத்ததும் அவள்தான். உமேஷ் டீயை நீட்டியபோது மட்டும் வாயைத் திறந்தாள். "டீ நக்கோ."

"வேண்டாம்னு சொல்லுட்டி," என்று பெர்லின் சிரித்தாள். "இந்த ஊர்ப் பேச்சு இன்னும் என் வாயில நுழைய மாட்டேங்கு மேடம். இவ போலாரத்துலயே பொறந்தவ. இவ வேலைக்குப் போறா, இவ பிள்ளையையும் நான்தான் பாத்துக்கிடுதேன்."

"எங்க வேலை?" என்று உமேஷ் பேச்சுக்குக் கேட்டான்.

"மல்லாபூர் பக்கம்," என்ற ஆனி உடனே எழுந்து அண்ணியின் கையைப் பிடித்தாள். "போலாம் மைனி, பஸ் போயிரும்."

மல்லாபூர் பக்கம் கம்பெனிகளுக்கா பஞ்சம். டோரிஸ் மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போது உமேஷ் நாலாவது தடவை ஒலிப்பதிவைப் போட்டான். "கைக்கு..." என்ற இடம் வந்ததும் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான்.

"எதுக்குடா சிரிக்கிறே?"

"மேடம், இப்ப நீங்க என்ன கேட்டீங்களோ, அந்தம்மாவும் அதையேதான் கேக்கறாங்க."

டோரிஸ் அவனைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"கைக்கு மேடம். நம்ம ஊர் கைக்கு. பஸ்ல கண்டக்டர்கிட்ட, ஸ்கூல் வாசல்ல, தெருவுல, ஏன் எதுக்குன்னு ஊரே கேக்கிற வார்த்தை. இவர் ஆர்டர் வந்துச்சான்னாரு. அந்தம்மா எதுக்குன்னாங்க. சார் கைக்கு வந்துடுச்சுன்னு எழுதிக்கிட்டு சந்தோஷம்னுட்டாரு."

டோரிஸுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளும் இந்த ஊரிலேயே பிறந்தவள்தான். அந்த வார்த்தையைத் தினமும் பத்து வாயில் கேட்பவள்தான். கேள்வி தமிழில் வந்ததால் பதிலையும் தமிழாகவே காதில் வாங்கியிருந்தாள். கோர்ட்டுக்காக ஒலிப்பதிவை மொழிபெயர்த்தவரும் அப்படியே, தமிழ் தெரியாத சுபாஸ்ரீயும் அவர் எழுதிக் கொடுத்ததை நம்பி அப்படியே.

"கேஸ் முடிஞ்சுது. பிரியாணி நீங்க வாங்கித் தரணும்," என்றான் உமேஷ்.

"முடியலை. பெர்லின் பேச்சை நேத்து கேட்டேல்ல? 'என்னத்துக்கு'ம்பாங்களே தவிர கைக்குன்னு சொல்ல மாட்டாங்க. அதை விடு. வேலை திரும்பக் கிடைச்சுதுன்னு ஒருத்தன் போன் பண்ணினா பெர்லின் எதுக்குன்னா கேப்பாங்க?"

"முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொல்வாங்க."

"அப்ப இது வேற யாரோ. இன்னொண்ணு கேளு. சங்கு எத்தனை தடவை ஊதுது?"

உமேஷ் போனைக் காதோடு ஒட்டிக் கேட்டான். முகத்திலிருந்த சிரிப்பு போனது. "ஒண்ணு. இல்ல, ரெண்டு. ஒண்ணு பின்னாடியே ஒண்ணு."

"ரெண்டும் ஒரே சங்குதான். ஒண்ணு அந்த ஆளோட அறையில கேக்குது. இன்னொண்ணு அந்தப் பொண்ணோட போன் வழியா சுத்தி வருது."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே கேட்டுக்குள்ள இருக்காங்க," என்றான் உமேஷ் மெதுவாக. "பெர்லின் மேடத்தை அந்த கேட் பக்கமே விடறதில்ல. பக்கா மேடம். யாரையோ பக்கத்து ரூம்ல உக்கார வெச்சு நாடகம் போட்டிருக்கான் அந்த ஹெச்.ஆர்."

"நாடகம் போடறவன் 'கிடைச்சுது சார், தேங்க்ஸ்'னு சொல்ல வைப்பான். கைக்குன்னு சொல்ல வைப்பானா?"

உமேஷ் எழுந்தான். ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

மல்லாபூரில் ஹெச்.ஆர். மேனேஜர் சந்திரசேகரனைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துப் போனார்கள். வக்கீல் அனுப்பிய ஆட்கள் என்று டோரிஸ் தமிழில் சொன்னதும், மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"உக்காருங்க, உக்காருங்க. தஞ்சாவூர்லேருந்து இங்க வந்ததுலேருந்து வாய் விட்டுத் தமிழ் பேச ஆளில்லை. பெர்லின் மேடத்துக்கு போன் பண்ணினப்பகூட, தமிழ்க் குரல் கேக்கப் போறோம்னு ஒரு சந்தோஷம். காபி சொல்லட்டுமா?"

எதிர்த்தரப்பு ஆள் காபி சொன்னால் என்ன செய்வது என்று உமேஷுக்குத் தெரியவில்லை. சொல்லுங்கள் என்றான்.

"அவங்க போன்ல என்ன சொன்னாங்க சார்?" டோரிஸ் கேட்டாள்.

"கைக்குன்னாங்க. கைக்கு வந்துடுச்சுன்னு. சங்கு ஊதினதுல மீதி கேக்கலை. எங்க ஊர்ல மணியார்டர் வந்துச்சான்னு கேட்டா அப்படித்தானே சொல்லுவோம்."

"ஹிந்தி, உருது?"

"ஹவ்னா ஆமா, நக்கோன்னா வேண்டாம். அதுவரைக்கும் பிடிச்சுக்கிட்டேன். மீதிக்கு கம்ப்யூட்டர் இருக்கு."

உமேஷ் எழுந்து கதவைத் திறந்தான். வராந்தாக் கோடியில் செக்யூரிட்டி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "பாய், இதர் ஆவ்," என்று குரல் கொடுத்தான்.

"கைக்கு?" என்றார் அவர், எழுந்திருக்காமல்.

உமேஷ் திரும்பி வந்து உட்கார்ந்தான். "பாத்தீங்களா சார். கைக்குன்னாரு. அவர் கைக்கு இப்ப ஏதாவது வந்துச்சா?"

சந்திரசேகரன் முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"எதுக்குன்னு அர்த்தமா?"

"ஹவ்," என்றான் உமேஷ்.

மனிதர் மேஜை மேலிருந்த கண்ணாடியையே பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் டோரிஸுக்கு ஒன்று நிச்சயமாகிவிட்டது. இவர் பொய்க்காரர் இல்லை. பொய்க்காரர்கள் இவ்வளவு சீக்கிரம் நொறுங்குவதில்லை.

"அந்தம்மாவை வயித்துல பிள்ளையோட அனுப்பினது நான் வர்றதுக்கு முன்னாடி," என்றார் கடைசியில். "ஃபைலைப் படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. எம்.டி.கிட்ட மல்லுக்கட்டி அந்த ஆர்டரை அனுப்ப வெச்சவனே நான்தான். அப்புறம் அவங்க வரலைன்னதும் கம்பெனி வக்கீல் ஒரு அஃபிடவிட் கொண்டுவந்து நீட்டினாரு. கைக்கு வந்துச்சுன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன். நல்லது பண்றேன்னு நினைச்சு நானே அவங்க கழுத்தை அறுத்திருக்கேன்."

"எந்த நம்பருக்குப் பேசினீங்க?"

"அவங்க வேலைக்குச் சேந்தப்ப குடுத்த நம்பர். கூரியர் கவர் மேலயும் அதைத்தான் போட்டோம்." கம்ப்யூட்டரைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். உமேஷ் தன் போனில் தட்டிக்கொண்டே வந்தான். பாதி எண்ணிலேயே அவன் விரல் நின்றுவிட்டது. போனே பெயரைச் சொல்லிவிட்டது.

போனை டோரிஸ் பக்கம் திருப்பினான். முந்தின நாள் சாயங்காலம் அவனே பதிந்து வைத்த பெயர் அதில் இருந்தது. ஆனி, அட்வான்ஸ்.

டோரிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க ஆனின்னு யாராவது வேலை பார்க்கறாங்களா சார்?"

"கான்ட்ராக்ட்ல ஒருத்தங்க இருக்காங்க. நல்ல பொண்ணு, அதிர்ந்து பேசாது. பெர்லின் மேடம் இருந்த மேஜையில இப்ப அவங்கதான் உக்கார்றாங்க. ஏன், தெரிஞ்சவங்களா?"

அப்போது சாப்பாட்டுச் சங்கு ஊதியது. அறை முழுக்க அந்த ஊளைதான். சந்திரசேகரன் வழக்கம்போலக் காதைப் பொத்திக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே, நீல மேலங்கி போட்ட பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு வரிசையாகச் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கிப் போனார்கள். வரிசையின் கடைசியில் ஒருத்தி போன் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"எங்க வேலைன்னு நேத்தே கேட்டேன் மேடம்," என்றான் உமேஷ், படியிறங்கும்போது. "எந்தக் கம்பெனின்னு கேக்கலை."

"நானும் கேக்கலை. பீஸ் குடுக்கிறவங்களை யாரு சந்தேகப்படறா," என்றாள் டோரிஸ். அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆனி அவர்களைப் பார்த்ததும் ஓடவில்லை, திகைக்கவும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குள் போகாமல் சுவரோரம் வந்து நின்றாள்.

"வந்துட்டீங்களா," என்றாள். ரொம்ப நாளாக எதிர்பார்த்துக் காத்திருந்த விருந்தாளியிடம் கேட்பது போல இருந்தது.

"அன்னைக்கு போன்ல பேசினது நீதானே ஆனி?"

"ஹவ் மேடம்." அவள் பையைக் கீழே வைக்கவில்லை. "அப்ப எங்க வீட்டுக்கே ஒரே போன்தான். மைனி வேலைக்குச் சேரும்போது என் நம்பரைத்தான் குடுத்தாங்க. அன்னைக்கு இங்கதான் நின்னேன். சங்குல ஒண்ணும் சரியா கேக்கலை. யாரோ ஆர்டர் வருதுன்னாங்க. கைக்குன்னு கேட்டேன். வெச்சுட்டாங்க. மறுநாள் கூரியர் பையன் அதே நம்பருக்கு போன் பண்ணினான். கேட்டுக்கு வந்து குடுன்னேன். இதே கம்பெனிலேருந்து போன கவர், இதே கம்பெனி கேட்டுல என் கைக்கு வந்துச்சு."

"பிரிச்சீங்களா?" உமேஷ் கேட்டான்.

"பிரிச்சேன். அன்னைக்கே குடுக்கணும்னுதான் வீட்டுக்குப் போனேன். மைனி என் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்துச் சிரிச்சு, என் சீட்டைப் பத்திரமா வெச்சிருக்கியாட்டின்னு கேட்டாங்க. தினமும் கேக்கறதுதான். அன்னைக்கு என்னால வாயைத் திறக்க முடியலை. முதுகு போய் எங்க வீட்டுக்காரர் ஆட்டோவை வித்துட்டு வீட்டுல கிடக்காரு மேடம். மைனி வந்து உக்காந்தா அன்னைக்கு சாயங்காலமே என்னை அனுப்பிடுவாங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். திங்கக்கிழமை போயே போச்சு."

"அந்த மேஜையில உக்காரச் சொல்லி உன்னை இந்த வேலைக்கு அனுப்பினது யாரு?" டோரிஸ் கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது.

"மைனிதான். வெளியாள் யாரோ உக்கார்றதுக்கு நீ உக்காருன்னாங்க," என்றாள் ஆனி.

உமேஷ் செருப்பால் தரையைத் தேய்த்தான். காலையில் அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரித்தது அவனுக்கு இப்போது கசந்தது.

"ஒண்ணு மட்டும் புரியலை," என்றான். "பண்ணினது நீங்க. அப்புறம் நீங்களே எங்களைத் தேடிப் பிடிச்சுக் காசு குடுத்தீங்களே."

ஆனி அவனைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல மைனி பக்கத்துல முழங்கால் போடும்போதெல்லாம் இன்னைக்குச் சொல்லிடணும்னு நினைப்பேன். வெளில வந்தா என் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நிப்பாங்க. என் வாயால சொல்ல வரலை. அதான், கண்டுபிடிக்கிறவங்க யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்னு." பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீங்க சொல்லிடுவீங்கல்ல மேடம்?"

டோரிஸ் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். பிடித்ததற்காக இப்படி வருத்தப்பட்டதில்லை. பையில் இந்தப் பெண் கொடுத்த அட்வான்ஸ் இருந்தது. அந்த மேஜையில் உட்கார்ந்து சம்பாதித்த பணம்தான் அதுவும்.

அவள் தள்ளிப் போய் வக்கீல் சுபாஸ்ரீக்கு போன் செய்தாள். வக்கீல் சொன்னது சுருக்கம். உத்தரவு பெர்லினின் கையில் சேர்ந்திருந்தால்தான் அவள் வரவில்லை என்று குற்றம் சொல்ல முடியும். சேரவே இல்லை என்று காட்டிவிட்டால், திங்கட்கிழமைக் கெடுவும் இல்லை, வேலையைக் கைவிட்டாள் என்ற பேச்சும் இல்லை. வேலையும் வரும், முழுச் சம்பளமும் வரும். சந்திரசேகரன் தன் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். கவரை வாங்கி வைத்துக்கொண்டவளும் கோர்ட்டில் வந்து அதைச் சொல்ல வேண்டும்.

"கூரியர் பையன் தொலைச்சுட்டான்னு சொன்னா என்ன மேடம்?" உமேஷ் தாழ்ந்த குரலில் கேட்டான். "கவர் எங்கயோ போச்சு. அவ்வளவுதான். இவங்க பேரே வராது."

டோரிஸ் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு கணம் அவளும் அதைத்தான் நினைத்தாள். அந்தக் கூரியர் பையனுக்கும் வேலை ஒன்று இருக்கிறது என்பது அதற்கு அடுத்த கணம்தான் உறைத்தது.

"நக்கோ," என்றாள் ஆனி. அது அவள் காதில் விழுந்திருந்தது. "நான் வந்து சொல்றேன். இன்னொருத்தர் மேல போட்டா அதையும் நான்தானே சுமக்கணும்."

"பெர்லின் சேர்ந்த அன்னைக்கே உன் கான்ட்ராக்ட் முடிஞ்சிடும். தெரியுமில்ல?"

"ஹவ்."

"கவர் எங்க?"

ஆனி சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். டிபன் பாக்ஸை வெளியே எடுத்தாள். அதன் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், எண்ணெய்க் கறை படிந்த பழுப்புக் கவர் இருந்தது. தினமும் வீட்டிலிருந்து கம்பெனிக்கும் கம்பெனியிலிருந்து வீட்டுக்கும் அதைத் தூக்கிக்கொண்டே அலைந்திருக்கிறாள்.

"என்கிட்ட குடுக்காதே," என்றாள் டோரிஸ். "அதை வாங்க வேண்டியது நான் இல்லை."

மாடியிலிருந்து சந்திரசேகரன் இறங்கி வந்துகொண்டிருந்தார். கழற்றிய கண்ணாடி கையில் இருந்தது; மேலிருந்து பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தார். "அஃபிடவிட்டை நானே திருத்தி எழுதிக் குடுக்கறேன் மேடம்," என்றார். "வக்கீல் என்ன சொல்றார், எம்.டி. என்ன சொல்றார்னு எனக்குத் தெரியாது. சத்தியம் பண்ணினவன் நான். அந்தப் பொண்ணுக்கு அரை நாள் லீவு நான் போட்டுடறேன், கூட்டிட்டுப் போங்க."

போலாரத்துக்கு டோரிஸும் ஆனியும் ஆட்டோவில் போனார்கள். உமேஷ் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். வழியெல்லாம் ஆனி கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். டோரிஸ் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று பார்த்தாள். எது சொன்னாலும் பொய்யாக இருக்கும் போலிருந்தது.

ராணுவக் குடியிருப்புகளைத் தாண்டி, ஒரு பழைய பங்களாவின் பின்பக்கம் இரண்டு சிறிய போர்ஷன்கள் ஒட்டியிருந்தன. ஒன்று பெர்லின் வீடு, மற்றது ஆனி வீடு. நடுவில் துணி காயும் ஒரே கொடி. பெர்லின் வாசலில் உட்கார்ந்து எல்.கே.ஜி. படிக்கும் மகளின் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூத்த பிள்ளை இன்னும் பள்ளியிலிருந்து திரும்பவில்லை. ஆனியின் பிள்ளை அவள் முதுகில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க மேடம். என்னட்டி, இந்நேரத்துக்கு வந்துட்ட? உடம்பு சரியில்லையா?"

ஆனி முன்னால் போய்க் கவரை நீட்டினாள்.

பெர்லின் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கவர் மேல் கம்பெனியின் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். உள்ளே இருந்ததை எடுத்து உதடு அசையப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. உமேஷ் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தான்.

"சேத்துக்கிடுதாங்களா மேடம்? என்னைத் திரும்ப எடுத்துக்கிடுதாங்க." கடிதத்தை ஆனி பக்கம் திருப்பினாள். "ஏட்டி ஆனி, பாத்தியா. நம்ம சீட்டு நமக்கு வந்துட்டுட்டி."

பிறகு அவள் பார்வை கீழே இருந்த தேதிக்குப் போனது. அங்கேயே நின்றது. கவரைத் திருப்பினாள். எண்ணெய்க் கறையை விரலால் தொட்டாள். ஆனியின் தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையை, அதிலும் அதே கறை இருந்ததை, வெகுநேரம் பார்த்தாள். சிரிப்பு மட்டும் முகத்தை விட்டுப் போக மறந்து இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது இன்னைக்குத்தான் உங்க கைக்கு வந்திருக்கு பெர்லின்," என்றாள் டோரிஸ். "அதை நாங்க பாத்தோம். நாளைக்கு கோர்ட்டுல ஆனியும் சொல்லும், அந்த மேனேஜரும் சொல்வார். உங்க வேலை உங்களுக்கு வந்துடும். சம்பளமும் வந்துடும்."

பெர்லினின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் ஆனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைக்கு?" என்றாள் பெர்லின்.

இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் வாயில் நுழையாத வார்த்தை. ஆனிக்குப் புரிய வேண்டும் என்று அவள் பேச்சிலேயே கேட்டாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

ஆனியின் பிள்ளை பெர்லினின் முந்தானையைப் பிடித்து இழுத்து, அத்தை பசிக்குது என்றது.

பெர்லின் கவரை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று. மூன்றாவதாகத் தனக்கும் ஒரு தட்டு விழுமா என்று ஆனி வாசலிலேயே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.